இருபது வார அளவு

குமாசியில் சனிக்கிழமைதோறும் யார் வீட்டிலாவது சாவு.
மற்ற நாளில் கறுப்பு உடுத்திப் போனால்
சந்தை விடாது:
யார் போனது, பொக்குவா?
யாரும் போகவில்லை.
கறையைக் காட்டிக்கொடுக்காத துணி அது.
மாதத்தில் பதினொரு நாள்
பெயரில்லாத ஒருவருக்குத் துக்கம் காத்தேன்.

எனாமல் பேசின்களை அடுக்கக் குனிந்தால்
எனக்கு முன்னால் வயிறு போய் இடித்தது.
எதிர்க்கடை டுஃபியே, பிள்ளைத் துணி விற்பவள்,
மஞ்சள் குல்லா ஒன்றை மடியில் எறிந்தாள்.
"காசு வேண்டாம். பிறந்ததும் சொல்."
எனக்கு நாற்பத்தொன்று.
புருஷன் தக்கராடிக்குப் போய் மூன்று வருஷம்.
சந்தை விரல் மடக்கிப் பார்த்தது,
கணக்கு உதைத்தது,
சிரித்தது.

வேர் ஊறிய கசப்புத் தண்ணீர் மூன்று மாதம் குடித்தேன்.
வாய் கசந்தது. வயிறு வளர்ந்தது.

பிறகு, குளிர்ந்த பசை தடவி
ஒரு பையன் என் அடிவயிற்றில் கருவியை உருட்டினான்.
திரையில் புழுதிக்காற்றுக் காலத்து வானம்.
புள்ளி வைத்தான், கோடிழுத்தான், அளந்தான்,
முகத்தைக் காட்டவில்லை.
"கர்ப்பப்பை இருபது வார அளவு" என்றார் டாக்டர் அக்யாம்போங்.
ஐயா, நீங்களுமா!
பிள்ளை இல்லாத வயிற்றுக்கும் பிள்ளைக் கணக்கு.

ஒன்று ஆரஞ்சு, ஒன்று எலுமிச்சை,
மீதி செம்பனைக் கொட்டைகள் என்றார்.
மதியம் மூன்று மணி. அவர் இன்னும் சாப்பிடவில்லை போலிருந்தது.
புற்றா? இல்லை.
நான் எதையாவது தின்றதாலா? இல்லை.
தசை தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டதாம்.
நிறையப் பெண்கள் தெரியாமலே சுமக்கிறார்களாம்.

மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்தார்.
பையோடு எடுக்கலாம்.
கட்டியை மட்டும் எடுக்கலாம்.
தொடை நாளம் வழியே குழாய் விட்டு
கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைக்கலாம்,
அதற்குத் தலைநகரில் விசாரிக்க வேண்டும்,
விலையையும்.
"பிள்ளை வேண்டுமா?"
தெரியாது என்றேன்.
பேசின் நெளிந்தால் நெளிவைத் தட்டி எடுப்போம்,
பேசினை எறிகிறோமா?
அவர் பேனாவை மூடினார்.
"சரி. இரும்பு மாத்திரை தின்னுங்கள்.
இரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள்."

ஆறு வாரம் நாக்கில் சாவியின் ருசி.

தம்பி ஓப்போங் ஒருவன்.
இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை.
அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு
டுஃபியே வந்து நின்றாள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"எந்தக் கை?" என்று தாதியிடம் கேட்டாள்.

விரலைக் குத்தி, ஒரு துளியை
நீலக் கரைசலில் விட்டாள் தாதி.
மூழ்கினால்தான் எடுத்துக்கொள்வார்கள்.
துளி மிதந்தது.
இன்னொன்று விட்டாள்.
அதுவும் மிதந்தது, சிறு செம்பொட்டாக,
போக மனமில்லாமல்.

"மாதம் எத்தனை நாள் போகும் உங்களுக்கு?"
"ஒன்பது... பத்து. எல்லாருக்கும் அப்படித்தானே?"
சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.
எட்டு வருஷமாய் எதிர்க்கடை.
அவள் கருநீலம் தவிர வேறு உடுத்தியதே இல்லை என்பது
அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

ஓப்போங்கின் நண்பன், ஒரு லாரி டிரைவர், கை நீட்டினான்.
பெயர் கேட்க மறந்துபோனேன்.
ஒன்பது கட்டிகள். தட்டில் காட்டினார்கள்,
தோலுரித்த கிழங்காய், வெள்ளையாய்,
இத்தனை சத்தம் போட்டவையா இவை?
திரும்பவும் வரலாம் என்றார் டாக்டர்.
மழையும்தான் வருகிறது என்று நினைத்தேன்,
சொல்லவில்லை. சிரித்தால் தையல் இழுக்கும்.

மஞ்சள் குல்லாவில் இப்போது கடைச் சில்லறை கிடக்கிறது.

இன்று செவ்வாய். உள்ளே டுஃபியே,
அதே பையன், அதே குளிர்ந்த பசை.
அவள் பை என் மடியில்.
வெள்ளைத் துணி உடுத்தி வந்திருக்கிறேன்.
பெயர் கூப்பிட்ட சத்தத்தில் சட்டென்று எழுந்தேன்.
வேறு யாரோ.
பழக்க தோஷம்,
திரும்பி, உட்கார்ந்த நாற்காலியை
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.