உயரம் நூற்றுநான்கு

திரியெஸ்தேயில் போரா என்னும் காற்று
பேருந்து நிறுத்தக் கண்ணாடியை உலுக்குகிறது.
நீவெஸ் கைப்பேசியைத் திறக்கிறாள்.

வயது நான்கு. உயரம் நூற்றுநான்கு.
டாக்ஸோருபிசின், மொத்த அளவு,
கடைசிச் சொட்டு ஏறிய தேதி.
சிவப்பு ஜூஸ் என்றுதான்
அம்மா சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கடன் தரும் வங்கி
இதைக் கேட்கவே கூடாதாம்; சட்டம்.
இதயம் சட்டம் படித்ததில்லை.
இரண்டு ஆண்டுக்கொருமுறை எக்கோ,
பிள்ளை உண்டானால் உடனே
என்கிறது மஞ்சள் கட்டம்.

உண்டாகியிருக்கிறது. ஏழு வாரம்.
தாரியோவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

பதிவில் இல்லாதது:
பக்கத்துக் கட்டில் பையன்,
கையுறையை ஊதிச் சேவலாக்கியவன்.
பெயர் மறந்துவிட்டது.
அவன் பக்கத்தை இப்போது யார் திறக்கிறார்கள்?

‘உங்கள் குறிப்பு’ என்ற காலிக் கட்டத்தில்
தட்டுகிறாள்: சேவல்.

சேமிக்கவா என்று கேட்கிறது.