தொடலாம்

சனிக்கிழமை காலை, வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை.
தவராசா தட்டை மடியில் வைத்துக்கொண்டு
தோசைக்குள் ஊசி இருக்கிறதா என்று
இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தின்கிறார்.
ஒருமுறை இருந்தது. ஒரேயொரு முறை.

தையலுக்கு விளிம்பில் கால் அங்குலம் விடவேண்டும்.
இத்தனை வருடத்தில் என் கால் அங்குலம்
கால் அங்குலமாக இருந்ததே இல்லை.
முக்கோணங்களின் முனைகள்
சந்திக்கவென்று கிளம்பிப் போய்
பார்க்காதது மாதிரித் தாண்டிவிடுகின்றன,
கல்யாண மண்டபத்தில்
பேச்சுவார்த்தை நின்றுபோன மச்சான்மார் போல.
சலவைக்குப் போட்டால் சமாதானம்.
பருத்தி சுருங்கும், சுருக்கத்துக்குள் குற்றம் ஒளியும்.
நான் சலவையை நம்புகிறவள்.

போன அக்டோபர் கண்காட்சிக்குப் போனேன்.
ஒட்டுப்போர்வைகள் சுவரெல்லாம் தொங்கின.
வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தி
ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்
உட்பக்கமும் எவ்வளவு சுத்தம் என்று.
தொடாதீர்கள் என்றது அட்டை.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்,
வயிறுகூட எரிந்தது.
ஆனால் ஒருவரும் அவற்றுக்குள் காய்ச்சலில் வியர்த்ததில்லை.
ஒருவரும் இழுத்துச் சண்டை பிடித்ததில்லை,
உன் பக்கம் கூட, என் பக்கம் குறைவு என்று.

கல்கரியில் மகன்
நான் கொடுத்ததைக் காற்று உறிஞ்சிய பைக்குள் போட்டு
அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறான்.
அப்பளம் போலத் தட்டையாக.
"பாழாகிவிடும் அம்மா, பத்திரமா இருக்கு."
ஒன்பது மாதம் தைத்தது.
அவனைச் சுமந்ததும் ஒன்பது மாதம்தான்,
அவனை நான் பைக்குள் வைக்கவில்லை.

ரொவீனா வேறு ஜாதி மனுஷி.
இரவு ஷிஃப்ட் நர்ஸ். விடிந்து வந்து
சோபாவில் சீருடையோடு விழுந்து
அதை இழுத்து மூடிக்கொள்வாள்.
அவளுடைய நாய் ஓரப்பட்டியில் ஒரு முழத்தைத்
தின்றுவிட்டதென்று அழாத குறையாகக் கொண்டுவந்தாள்.
வாங்கிய கைக்கு உடனே தெரிந்தது:
முதல் நாளின் விறைப்பு எங்கேயும் இல்லை.
கழுத்தருகே நீலம் வெளுத்து மோர் நிறம்.
அவள் பிடித்து இழுக்கும் மூலையில் நூல் நூலாக நைவு.
தையலோடு தையலாக நாய் மயிர்.
ஒரு குழம்புக் கறை, ஏறக்குறைய இதய வடிவில்
(இல்லை, கத்தரிக்காய் வடிவில்).
மன்னிப்பு மேல் மன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
எனக்கோ பரிசு வாங்கிய படபடப்பு.

தின்றுபோன ஓரத்துக்குத் துணி தேடி
தவராசாவின் பஸ் டிரைவர் சட்டை ஒன்றைக் கிழித்தேன்,
பழசென்று நினைத்து.
"அது திங்கட்கிழமை போடவேண்டியது" என்றார்,
கிழித்து முடித்த பிறகு.

இன்று ஜன்னலில் நிற்கிறேன்.
எதிர்வீட்டு ஒரெஸ்டின் ட்ரக்,
எஞ்சின் மூடியின் மேல்
பறக்காமல் இரண்டு செங்கல் வைத்து
என் பதினாறு நட்சத்திரங்கள்.
அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றியபோது கொடுத்தது.
ராத்திரி முழுக்க எஞ்சினுக்குப் போர்த்தியிருக்கிறார்.
தவராசா என் முகத்தைப் பார்க்கிறார்,
மெல்லுவதை நிறுத்திவிட்டு.

ஒரெஸ்ட் வெளியே வருகிறார்.
செங்கல்லைத் தள்ளி, பனியை உதறி,
கீழே வைக்க இடமில்லாமல்
தன் தோளிலேயே போர்த்திக்கொண்டு
சாவியைத் திருகுகிறார்.
இருமல். இருமல்.
மூன்றாவதில் பிடித்துக்கொள்கிறது.
புகைக்கு நடுவே கிரீஸ் பட்ட நட்சத்திரங்களோடு
கண்ணாடியைச் சுரண்டுகிற அந்த முதுகைப் பார்த்து
நான் சிரிக்கிறேன் போலிருக்கிறது,
ஜன்னல் முழுக்க மூச்சு படர்ந்துவிட்டது.

கிரீஸ் கறைக்கு எந்த சோப்பு என்று
ஃபோனை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.
"தோசை ஆறுது" என்கிறார் தவராசா.
தட்டை வைக்க
அரை மீட்டர் சிவப்புத் துணியை
அந்தப் பக்கம் நகர்த்துகிறேன்.