மதியம் இரண்டுக்கு இ-ஒன்று

இ-ஒன்று.
மூன்று சிமிட்டல், ஓர் இடைவெளி, மறுபடி மூன்று.
ஒரு கம்பெனிக்கு இது உள்ளே இருக்கும் சென்சார்.
இன்னொன்றுக்கு, உள்யூனிட்டும் வெளியூனிட்டும்
பேச்சுவார்த்தை இல்லை.
இலியாஸ் வீட்டில் மாட்டியிருக்கும் கம்பெனிக்கு:
அழுத்தம் தலைக்கேறிவிட்டது, நிறுத்திக்கொண்டேன்.
செப்பு என்றால் எனக்குச் சுருட்டி வைத்த குழாய்.
பர்கூரில் என் வாடிக்கையாளருக்கு அதே செப்பு
'சொல்லு'.

பழையபேட்டையில் மே மாதம்.
பகலெல்லாம் குடித்த வெயிலை மலைப்பாறை
இருட்டிய பிறகு திருப்பிக் கொடுக்கும்.
இலியாஸுக்கு ஓசூரில் நைட் ஷிப்ட்.
அவனுடைய ராத்திரி காலை ஒன்பதுக்குத் தொடங்கி
நாலு மணிக்கு விடியும், கறுப்புத் திரைக்குப் பின்னால்.
அந்த ராத்திரியின் நடுவில் தினமும்
இ-ஒன்று.

எனக்கு முன்னால் மூன்று பேர்.
ஒருவர் கேஸ் ஏற்றினார்.
ஒருவர் போர்டை மாற்றினார், ஆறாயிரத்து நானூறு.
மூன்றாமவர் ரிமோட்டுக்கு பேட்டரி போட்டுவிட்டு
மேலே பார்த்துக் கும்பிட்டாராம்.
ஏணியோடு வாசலில் நான் நின்றபோது
பின்னால் மெக்கானிக் வருகிறாரா என்று
எல்லோரையும் போல இலியாஸும் தெருவை எட்டிப் பார்த்தான்.
பிறகு வெட்கப்பட்டு, டீ வேண்டுமா என்றான்.

சென்சாரைக் கழற்றி மீட்டரில் மாட்டி
கைக்குள் மூடிப் பிடித்தேன்.
நல்ல சென்சார் உள்ளங்கைச் சூட்டுக்கு
எண்ணைக் குறைத்துக்கொண்டே வரும்.
செத்தது அசையாது.
இது இறங்கியது.
வோல்டேஜ் இருநூற்றுப் பதினாலு,
மாங்கூழ் ஆலைகள் ஓடும் சீசனுக்கு அதுவே தாராளம்.
வெளியூனிட்டின் தகடுகளுக்கு நடுவே கல்பட்டறைத் தூள்.
பல் துலக்குவது போல ஒரு மணி நேரம் கழுவினேன்.
காற்று தடையில்லாமல் வந்தது. மணி பன்னிரண்டு.
இந்த இடத்தில்தான்
மூன்று பேரும் பில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

நான் போகவில்லை.
நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.
அடுத்த வேலை காவேரிப்பட்டினத்தில், மூன்றரைக்கு.
அதுவரை வெயிலில் வண்டி ஓட்டச் சோம்பல்.
இலியாஸைத் தூங்கச் சொல்லிவிட்டுப்
பின்சந்தில், நிழல் விழுந்த படியில் உட்கார்ந்தேன்.

ஒன்று ஐம்பது.
எதிர்ச்சுவர்க் கதவு திறந்தது.
முதலில் ஒரு பக்கெட், பிறகு நாகரத்தினம்மா.
பிழிந்த போர்வையை ஓங்கி உதறி
வெளியூனிட்டின் முகத்துக்கு நேரே
முழ இடைவெளிகூட விடாமல் கொடியில் போட்டார்.
அடுத்து ரப்பர் ஷீட். அடுத்து இரண்டு வேட்டி.
யூனிட்டின் குரல் மெல்ல மாறியது.
விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.
பத்து நிமிஷம்.
உள்ளே பீப்.

"சூடா காத்து வருது கண்ணு, அரைமணியில காஞ்சிடும்.
வீட்டுக்காரர் படுத்து எட்டு மாசம்.
ஒரு நாளைக்கு மூணு போர்வை."

யார் வீட்டுக் கரண்ட் என்று அவர் யோசித்ததில்லை.
வெளியே வந்துவிட்ட காற்று சந்துக்குச் சொந்தம்.
கையேட்டில், முப்பத்தோராம் பக்கத்தில்,
காற்றுப்பாதையில் தடை உள்ளதா பார்க்கவும்
என்று ஒரு வரி இருக்கிறது.
நாலு பேரும் பார்த்தோம்.
காலையில்.

சுவரில் இரண்டு ஓட்டை போட்டேன்.
கொடியை நாலடி தள்ளிக் கட்டினேன்.
காற்று போர்வையைத் தொட்டது, முட்டவில்லை.
"அரைமணி முக்கால் மணி ஆகும்மா" என்றேன்.
"ஆவட்டும்" என்று
உப்பு மிளகாய்த்தூள் போட்ட பெங்களூரா மாங்காய்
இரண்டு கீற்று கொடுத்தார்.

பில்லில் 'கோளாறு' என்ற கட்டத்துக்கு
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
'மாற்றிய பாகம்' என்ற கட்டத்தில்
ஆணி, இரண்டு.
கதவிடுக்கில் செருகினேன். எழுப்பவில்லை.
இலியாஸுக்கு இன்னும் ராத்திரி.

காவேரிப்பட்டினம் போய்ச் சேர மூன்று நாற்பது.
அங்கே எஃப்-நான்கு.
போர்டைத் திறந்தால் கருகிய பல்லி.
உட்காரக்கூட நேரம் இல்லை.