முப்பத்தேழு சதவீதம்

அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்கு எதிர்வரிசை.
ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்டாம்பு பேப்பர் என்ற பலகைக்குக் கீழே
என் கையெழுத்தில் இன்னொரு வரி:
சிடி போட்டுத் தரப்படும்.
பாட்டுக்காக யாரும் வருவதில்லை.
வக்கீல்கள் அனுப்புகிறார்கள்.

வெள்ளச்சி முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
இன்னும் வயிற்றுக்குள் சுற்றுகிறது என்றாள்.
சோடா வாங்கிக் கொடுத்தேன்.
போனை நீட்டினாள், ரப்பர் பேண்டு போட்டது.
உள்ளே எஸ்டேட் ரைட்டரின் குரல்,
பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.

"இத எதுல ஏத்துவீங்க?"
"இதோ, இதான் ரைட்டர்" என்றேன்,
தட்டு வெளியே நீண்டது.
அவள் ஓர் எட்டு பின்னால் போனாள்.
பிறகுதான் எனக்கு உறைத்தது.
இருவரும் சிரித்தோம்,
அவள் கொஞ்சம் அதிகமாக.

என்னிடம் இருப்பது இலவச மென்பொருள்.
லைசென்ஸ் கேட்டு எவனும் வாசலில் நிற்க மாட்டான்.
முகம் தெரியாத பலர் எழுதியது;
அதில் ஒருவர் உட்கார்ந்து
தமிழிலும் பெயர்த்திருக்கிறார்.
நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும்.
ஆனால் வட்டைச் செருகியதும்
திரை நடுவே பெரிதாகக் கேட்கிறது:
எரிக்கவா?

வெள்ளச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.
எ.
ரி.
அதற்கு மேல் அவள் போகவில்லை.
பதினொரு நிமிடத்தில் அவன் நான்கு முறை சொல்வதும்
அந்தச் சொல்தான், கேள்வியாக இல்லாமல்.
குடிசை, வேலியோரம் அடுக்கிய விறகு,
காயவைத்த மிளகு
எதெதை என்று வரிசையாகச் சொல்கிறான்.

"இது வேற மாதிரி எரிக்கிறதுங்க."
எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை.
வெளிச்சம்தான் சுடும், புகை வராது,
ஒருதரம் விழுந்தால் அப்புறம் அழிக்க முடியாது...
"அழிக்க முடியாதுன்னா சரி. அமுக்குங்க."

ஒன்று. ஒன்பது. இருபத்திரண்டு.
முப்பத்தேழில் கரண்டு போனது.
யூபிஎஸ் பூனைக்குட்டி போல இரண்டு தரம் கத்திவிட்டு
அதுவும் போனது.

கரண்டு வந்து வட்டை எடுத்தால்
நடுவில் அடர்ந்த ஒரு வளையம்,
மீதி வெறும் பளபளப்பு.
"வேணும்னா கொண்டுபோய்க் கொடியில கட்டுங்க."
"இதுல எவ்ளோ ஏறியிருக்கு?"
"முப்பத்தேழு சதவீதம்."
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
"அப்ப எங்கம்மாவ இழுத்துப் பேசுன வரைக்கும் வந்திருக்கும்."
கத்தரிக்கோல் கேட்டாள்.
நான்கு துண்டு, நான்கும் கோணல்.

வேகத்தைக் குறைத்து மறுபடி வைத்தேன்.
கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.
எழுதி முடித்ததும் இயந்திரம் தானே திரும்பப் படித்து
ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றது. மூன்று தரமும்.
"அவனுக்கும் ஒண்ணு தரணுமா?"
"சட்டம்ங்க."
"அவன் பேசுனது அவனுக்குத் தெரியாதாக்கும்."

மேற்படி கணினி அன்றைய தினம்
எவ்விதக் கோளாறுமின்றி இயங்கியது என்று
சான்றிதழில் நான் கையெழுத்திட வேண்டும்.
குப்பைக்கூடையைப் பார்க்காமல் போட்டேன்.

வெயில் படக் கூடாது, கீறல் விழக் கூடாது,
பத்திரமான இடத்தில் வையுங்கள் என்று
எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்.
வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.
"வீட்டத்தானே சொல்லியிருக்கான்" என்று
தன் வட்டை மேஜைமேல் வைத்தாள்.

டிராயரில், ரெவின்யூ ஸ்டாம்புகளுக்கு அடியில் இருக்கிறது.
உறையில் பெயர் எழுதவில்லை.
தேதி மட்டும்.