இடம் இருந்தது

முதலியார்பேட்டை கேட்டுக்குப் பக்கத்துப் பரோட்டாக் கடையில்
இலைமேல் சால்னாவால்
மூன்றாம் வளைவை வரைந்தான் அந்துவான்.
வெங்காய வில்லை அவன்.
எலுமிச்சைத் துண்டு நான்.

"பாத்துக்க. என் முன்சக்கரம் உன் முழங்கால் வரைக்கும் வந்தாச்சு.
அதுக்கப்புறம் அந்தக் கோடு எனக்கும் சொந்தம்."

"வந்தது சக்கரம் இல்லடா,
பிரேக் பிடிக்காத உன் ஆசை" என்றேன்
இடக்கையால் பரோட்டாவைப் பிய்க்கத் தெரியாமல் பிய்த்தபடி.
வலக்கை கழுத்தில் தொங்குகிறது.
காறை எலும்பில் ஒரு தகடு, ஆறு திருகு.

நடுவர்கள் வீடியோவை எட்டுமுறை ஓட்டிப் பார்த்து
"பந்தயத்தில் சகஜம்" என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.
சகஜம்.
ஜிப்மர் எக்ஸ்ரேயில் அது
இரண்டு துண்டாகத் தெரிந்தது.

"நீ மட்டும் என்னவாம்?
கோயம்புத்தூர்ல நேர்ப்பாதையில மூணு தடவ
குறுக்க அறுத்த. நான் புல்லுல எறங்குனேன்.
நீ அடைச்சா தற்காப்பு,
நான் நொழஞ்சா கொலைமுயற்சியா?"

பதில் இருந்தது.
வாயில் பரோட்டாவும் இருந்தது.
மென்று முடிப்பதற்குள்
பதில் ஆறிப்போயிற்று.

எங்கள் இரண்டு எஞ்சினுக்கும் கைவைக்கிற இருசப்பன்
வளைவிலிருந்து என்னை எடுத்து
ஆம்லெட்டின் மேல் பிழிந்தான்.
"கலிவரதன் அவுட்" என்றான்.
அவன் ஒருவன்தான் சிரித்தான்.

என்னை வீட்டில் விட வேறு ஆளில்லை.
அந்துவான் தன் ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து
கொக்கியையும் அவனே மாட்டினான்,
தாடைத் தோல் சிக்காமல் ஒரு விரல் கொடுத்து.
அந்த விரலை நான் கடித்திருக்கலாம்.

கேட் மூடியிருந்தது.
விழுப்புரம் ரயில் அவசரமே இல்லாமல் போயிற்று.
இந்தப் பக்கம் சாலை முழுக்க நாங்கள்,
அந்தப் பக்கம் சாலை முழுக்க அவர்கள்,
யார் கோடு யாருக்கு என்று கேட்பாரில்லை.

கேட் ஏறியது.
கடலூர் பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே
ஒரு ஹேண்டில்பார் அகலத்தில் திறந்தது வெளிச்சம்.
அவன் தோள் குறுகுவது
என் நெஞ்சில் தெரிந்தது.
தகட்டுக்கு அடியில் எலும்பு சில்லிட்டது.

"இடம் இருக்கு, போ."

சொன்னது நான்.

அவன் திரும்பிப் பார்த்தான்.
கால் ஊன்றியே நின்றான்.
பின்னால் முப்பது ஹாரன்
எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டின.