ஐம்பத்துமூன்றாவது வரி

மார்ச்சில் பனியைத் துளைத்து
ஹௌகியார்வி ஏரியிலிருந்து உருவிய சேறு
தட்டில் கிடக்கிறது, ஒரு முழ நீளம்.
ஆண்டுக்கு ஒரு வரி.
ஐலா சவரத்தகட்டால் அரிந்து அரிந்து
டப்பாக்களில் எண் எழுதுகிறாள்.
செம்பு, நிக்கல், ஈயம்.
உருக்காலை புகைந்த ஆண்டெல்லாம் கருப்பு.

அடுத்த அறையில் யௌகோ
நிக்கல் துகளுக்குப் பிளாட்டினத் தோல் போர்த்துகிறான்.
நாலு அணு கனம் போதுமாம்;
உள்ளே மலிவுச் சரக்கு, வினையெல்லாம் வெளியில்.
"தோலுக்குத்தான் விலை" என்பான் காபி வேளையில்.

ஐம்பத்துமூன்றாவது வரி வெளிறியிருந்தது.
கருவிக் கோளாறென்று மறுபடி அளந்தாள்.
கோளாறில்லை.

வேலைநிறுத்தம்.
அந்தக் குளிரில்தான் அம்மா
தையல் எந்திரத்தை விற்றாள்,
ஓட்ஸ் கஞ்சியில் தண்ணீர் கூட்டினாள்,
கூட்டினாள்.

நுண்ணோக்கியில் மஞ்சள் பொடி.
அந்த ஆண்டு ஏரிக்கும்
பைன் மகரந்தம்தான் ஆகாரம்.