இடப்பக்கம் மட்டும் புகைகிறது

மே மாதம். கெமியில் ராத்திரி பத்து மணிக்கும்
வெளிச்சம் கிளம்ப மனமில்லாமல் நிற்கிறது.
ஆற்றில் பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டு
கடலுக்குப் போகும் சத்தம் ஷெட் வரை வருகிறது.
ஆறாவது உதையில் எழுந்தது
எழுபத்தைந்தாம் வருடத்துச் சுசுகி.
இரண்டு சைலன்சர்.
இடது, நீலமாய்ப் புகைந்தது.
வலது சுத்தம்.
துடைத்து வைத்தது போலச் சுத்தம்.

"வலது நல்லா இருக்கு, இடதைப் பாரு" என்றான் ஊர்ப்போ,
அக்காவின் புருஷன், மர லாரி ஓட்டுகிறவன்,
டீசலிலேயே யோசிக்கிறவன்.
நேர் தலைகீழ், ஊர்ப்போ.
நெருப்பில்லாமல் புகையாது என்பது மற்றவர்களுக்கு.
டூ ஸ்ட்ரோக்கில்
புகையாத பக்கம்தான் எண்ணெய் கிடைக்காமல்
இரும்போடு இரும்பு உரசி
இறுகிக்கொள்ளக் காத்திருக்கிறது.

சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"அப்படின்னா பம்பைக் கழற்றிப் போடு.
பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊத்து.
எல்லாரும் அப்படித்தானே."
எல்லாரும் அப்படித்தான்:
வார்டில் நான் மிகவும் பயப்படுகிற வாக்கியம் அது.
சோதனை முடியும்வரை கொஞ்சம் கலந்து வைத்திருக்கிறேன்,
அதை அவனிடம் சொல்லவில்லை.

டார்ச்சைப் பிடித்தேன்.
பழுத்து மஞ்சளான குழாய்க்குள்
ஒரு குமிழி, பட்டாணி அளவு காற்று,
யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்கிற மாதிரி.
பத்தொன்பது வருடமாக ஊசியை நிமிர்த்தி
நகத்தால் தட்டித் தட்டி
நான் வெளியேற்றும் அதே ஆள்.
பம்பின் திருகைத் தளர்த்தினேன்.
நுரை வந்தது, பிறகு நுரையும் எண்ணெயும்,
பிறகு எண்ணெய் மட்டும், தேன் போல, அவசரமில்லாமல்.
முடுக்கினேன். உதைத்தேன்.
பம்பின் நெம்பை விரலால் முழுக்கத் தூக்கிப் பிடித்தேன்.
இடது இன்னும் அதிகமாய்ப் புகைந்தது.
வலது
சுத்தம்.

கண்ணில் பட்டது, அதனால் பழி போட்டேன்.

இனி அந்தந்தச் சிலிண்டரின் வாசலில் இருக்கும் வால்வுகள்.
காலாவதியான இருபது மில்லி ஊசியில் எண்ணெய் ஏற்றி
இடதில் அழுத்தினேன்: சொட்டு. நிறுத்தம். சொட்டு.
வலதில் அழுத்தினேன்: கட்டை விரல் வெளுத்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.

முன்னால் வைத்திருந்தவன் எவனோ
பந்தயம் என்று கனவு கண்டு
ஆமணக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறான்.
மேலே வந்தவன் சாதா எண்ணெய் ஊற்றியிருக்கிறான்.
இரண்டும் ஒட்டாமல் ஒட்டி, பிசினாகி,
மிளகு அளவு குண்டு ஒன்றை
முடி போன்ற ஸ்பிரிங்கோடு சேர்த்து
முப்பது வருடமாய் வாய்மூட வைத்திருக்கின்றன.

காபிக் கோப்பையில் தின்னர். அதில் வால்வைப் போட்டுவிட்டு
இரவுப் பணிக்குப் போனேன்.
நாலாம் படுக்கையில் டிரிப் நின்றிருந்தது.
பாட்டிலில் குறையில்லை, குழாயில் காற்றில்லை.
மணிக்கட்டு மடங்கியிருந்தது, அவ்வளவுதான்.
நிமிர்த்தி வைத்தேன். அவர் விழிக்கவில்லை.

காலை ஏழு. ஊசி, விரல், அழுத்தம்.
டிக்.
ஒரு சொட்டு என் முழங்காலில் விழுந்தது.

மூன்றாவது உதை. இரண்டு பக்கமும் நீலப் புகை!
அடுத்த வீட்டு ஹெல்வி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.
மன்னித்துக்கொள் ஹெல்வி, இன்றைக்கு இது நல்ல செய்தி.

இன்னும் ஒன்று பாக்கி.
பம்பின் நெம்பில் கம்பெனி போட்ட கோடு.
அதற்குப் பக்கத்திலேயே
யாரோ ஆணியால் கீறிய இன்னொரு கோடு.
கேபிளை எதற்கு இழுத்துக் கட்டுவது?
கீறியவனுக்குக் காரணம் இருந்திருக்கலாம்.
கம்பெனிக்குத்தான் கட்டினேன், பாதி மனதோடு.

டோர்னியோ வரை போய்த் திரும்பினேன்.
போக வர ஐம்பது கிலோமீட்டர்.
பனி உருகிய வயல்களில் அன்னங்கள்,
பின்னால் காரில் ஊர்ப்போ, கண்ணாடியை ஏற்றிவிட்டு.
வீட்டு வாசலில் இறங்கியதும்
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து
எண்ணெய்த் தொட்டியின் சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன்.

ஒரு நகக்கண் அளவு
குறைந்திருந்தது.